கடவத்தில் இருந்த காகிதக் கட்டு

மூன்றே வரி, அதற்கு மேல் எழுதக்கூடாது என்று அந்த டீச்சர் சொன்னபோது நான் நாலாம் வகுப்பு வாசலில் வாரியலோடு நின்றுகொண்டிருந்தேன். ஜப்பான் தேசத்தில் அப்படித்தான் எழுதுவார்களாம். ஹைக்கூ என்று பெயராம். கண்ணால் கண்டதை மட்டும் சொல்ல வேண்டும், மனசில் இருப்பதைச் சொல்லவே கூடாது, வாசிக்கிறவர்களுக்கு அது தானாகத் தெரிந்துவிடும் என்றார் டீச்சர். எனக்குத் திக்கென்றது. சொல்லாமலே தெரிந்துவிடும் என்றால் என்னைப் போன்றவர்கள் எங்கே போய் ஒளிவது?

நான் அந்தப் பள்ளிக்கூடத்தில் ஆயா. கருங்கல் என்கிற ஊருக்குப் பக்கம், ஒன்று முதல் ஐந்து வரை உள்ள சின்னப் பள்ளிக்கூடம். வாரியலால் முற்றம் தூத்துப் பெருக்க வேண்டும், வகுப்பறை பெருக்க வேண்டும், குடிக்கிற வெள்ளம் நிறைத்து வைக்க வேண்டும், சின்னப் பிள்ளைகளுக்கு மூக்குத் துடைத்துவிட வேண்டும். இதில் பேச வேண்டிய வேலை ஒன்றும் இல்லை. அதனால்தான் இத்தனை வருடம் நின்றேன். நாலு பேர் கூடி நின்றால் எனக்கு நாக்கு அண்ணாக்கில் ஒட்டிக்கொள்ளும். என் கல்யாணத்தன்று பெயரைக் கேட்டதற்கு நான் வாயைத் திறக்காமல் நிற்க, பெண்ணுக்குப் பேச்சு வராதோ என்று மாப்பிள்ளை வீட்டுக்காரர்கள் பயந்துபோனார்கள். படிப்பு அஞ்சாம் கிளாசோடு நின்றது. எழுத்துக் கூட்டி வாசிப்பேன், எழுதுவேன். அவ்வளவுதான்.

டீச்சர் புதிது. சின்ன வயசு. பிள்ளைகளைக் கொண்டு அரசிலையைப் பொறுக்கச் சொல்லி, ஒரு பெரிய பானையில் வெள்ளத்தில் ஊறப் போட்டார். மூன்று வாரம் ஊறினால் இலையின் பச்சை எல்லாம் அழுகிக் கழன்றுவிடும், நரம்பு மட்டும் வலை மாதிரி நிற்கும், அதை அட்டையில் ஒட்டி அதற்குக் கீழே பிள்ளைகள் அந்த மூன்று வரியை எழுதுவார்கள் என்றார். ஐப்பசி மழை வேறு. பானை நாற ஆரம்பித்தது. அது இருந்த இடம் சத்துணவு அடுக்களைக்குப் பின்னால். சமையல்காரி சும்மா விடுவாளா?

"யக்கா, இதென்ன நாத்தம்? செத்த எலிய ஊறப் போட்டிருக்காவளா?"

"அரசிலையாம்."

"அரசிலைய ஊறப் போட்டு என்ன செய்யப்போறாவ, சம்மந்தி அரைக்கவா?"

"அதுல பாட்டு எழுதுவாவளாம். மூணு வரில."

"மூணு வரிலயா? நான் அரி களைஞ்சு போடுகதுக்குள்ள பாட்டு தீர்ந்திருமே!" என்று சிரித்தவள், முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு உள்ளே போனாள்.

மூன்று வாரம் கழிந்து டீச்சர் பானையைக் கவிழ்த்தார். பிள்ளைகள் பல் தேய்க்கிற பழைய பிரஷ்ஷால் பைய பைய ஒவ்வொரு இலையையும் தேய்த்துக் கழுவினார்கள். நானும் எட்டிப் பார்த்தேன். தினமும் நான் தூத்துத் தள்ளுகிற அதே அரசிலைதான். உள்ளே இப்படி ஒரு வேலைப்பாடு இருந்திருக்கிறது. வெயிலுக்கு நேரே பிடித்தால் அந்தப் பக்கம் நிற்கிற பிள்ளையின் முகம் அதற்குள் தெரிகிறது. எத்தனை லட்சம் இலையை நான் கூட்டிக் கொளுத்தியிருப்பேன்!

இனி அந்தச் சின்னப் பெண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும். நாலாம் வகுப்பு. அவளுடைய அம்மாவுக்கு அண்டியாபீசில் வேலை, முந்திரிக்கொட்டை உடைக்கிற வேலை. காலையில் ஏழு மணிக்கே அங்கே போய்ச் சேர வேண்டும். அதனால் போகிற வழியில் மகளை என்னிடம் விட்டுவிட்டுப் போவாள். அப்பா வளைகுடாவில். போய் ஒன்றரை வருடம் ஆகிறது, இன்னும் லீவு கிடைக்கவில்லை. மற்றப் பிள்ளைகள் வரும்வரை ஒன்றரை மணி நேரம் நானும் அவளும்தான். அவள் வாய் ஓயாமல் பேசுவாள், நான் கேட்டுக்கொண்டே தூப்பேன். என்னிடம் பதில் எதிர்பார்க்காத ஒரே ஆள் அவள்தான். வால் என்று எல்லா டீச்சர்களும் சொல்லுவார்கள். சொல்லுவதில் தப்பும் இல்லை. ஒருநாள் பெரிய டீச்சருடைய கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு, "ஏலே, சத்தம் காட்டாத இரிங்க!" என்று ஒன்றாம் வகுப்பை மிரட்டியவள்.

பெரிய டீச்சர் என்றால் தலைமை ஆசிரியை. நல்லவர்தான், கண்டிப்பு அதிகம். போன வருடம் நான் கூட்டிய சருகைக் கொளுத்தும்போது காற்றடித்துப் பொறி பறந்து, பக்கத்துத் தென்னை விளையில் வேலி கொஞ்சம் கருகிவிட்டது. அன்றைக்கே சொல்லிவிட்டார்.

"ஆயா, இனி பள்ளிக்கூடத்து வளப்புல ஒரு தீக்குச்சி உரசப்பிடாது. இன்னொருக்க கண்டேன், நீங்க வீட்டுல இருந்துக்கிடுங்க. எனக்குப் பிள்ளைய இருக்கு, நான் பதில் சொல்லணும்."

அவர் சொன்னது நியாயம். நான் தலையை ஆட்டினேன். அப்போதும் அந்தச் சின்னப் பெண் என் சேலையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றாள்.

ஆனால் முற்றத்தில் ஒரு மாமரம் நிற்கிறது. எங்கள் பக்கத்தில் மழை ஓய்ந்ததும் கார்த்திகையில் மாமரத்துக்குப் புகை போடுவது வழக்கம். மரத்தடியில் சருகும் பச்சை இலையும் குவித்து, தீ ஆளாமல் புகை மட்டும் கிளம்பும்படி மூட்டம் போட வேண்டும். கொம்பு முழுவதும் அந்தப் புகை ஏறி இறங்கினால் மரம் சீக்கிரம் பூக்கும். என் வீட்டுக்கு மரம் இல்லை. இந்த ஒரு மரத்துக்குத்தான் வருடா வருடம் நான் போடுவேன். போன வருடம் பயந்து போடவில்லை. மரம் பூக்கவில்லை. பிள்ளைகள் ஒரு வடுமாங்காய் கூடக் கடிக்கவில்லை. இந்த வருடமும் அப்படியே விட எனக்கு மனசு வரவில்லை. விடியற்காலையில் போட்டால் எட்டரைக்குப் பெரிய டீச்சர் வருவதற்குள் அணைந்துவிடும், சாம்பலை மண்ணைப் போட்டு மூடிவிடலாம் என்று நினைத்தேன். வாய் பேசாதவர்களுக்கு இப்படித் திருட்டுத்தனம் கொஞ்சம் உண்டு.

புகை போட நான் குறித்தது வியாழக்கிழமை. மறுநாள் வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடத்தில் கண்காட்சி. பெற்றோர்கள் வருவார்கள், கல்வி அதிகாரி வருவார். பிள்ளைகளில் ஒருத்தி மைக்கில் ஹைக்கூவைப் பற்றிச் சொல்லி, எழுதினதை எல்லாம் வாசித்துக் காட்ட வேண்டும். அதற்கு டீச்சர் தேர்ந்தெடுத்தது அந்தச் சின்னப் பெண்ணைத்தான். அவளுக்கு ரெண்டு நாளாகக் கால் தரையில் இல்லை. அப்பா அங்கே சூப்பர்வைசரிடம் கேட்டு பத்து நிமிஷம் வாங்கியிருக்கிறாராம். பதினொன்றரை மணிக்கு அம்மா போனைப் பிடித்துக்கொண்டு நிற்பாள், அப்பா அதில் பார்ப்பார்.

"ஆயாம்மா, அப்பா என்ன இதுவர மைக்குல கண்டதில்ல. நான் பேசும்போ எங்க பாக்கணும்? போனப் பாக்கணுமா, ஆளுவளப் பாக்கணுமா?"

"எனக்கு எப்படித் தெரியும் மக்களே? நான் மைக்கக் கண்டா ஓடிருவேன்."

அதைக் கேட்டு அவள் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது.

வியாழக்கிழமை விடிய ஆறு மணிக்கு நான் வந்துவிட்டேன். மாமரத்தடியில் சருகு குவித்தேன். ராத்திரி மழை பெய்ததால் எல்லாம் நனைந்து கிடந்தது, தீ பிடிக்கவில்லை. ரெண்டு தேங்காய்க் கதம்பை வைத்துப் பார்த்தேன், அதுவும் ஈரம். அடுக்களைக்குப் பின்னால் உள்ள அறையில் என்னுடைய கடவம் இருக்கிறது. பனையோலையில் முடைந்த பெரிய பெட்டி. ஜன்னல் துடைக்க, அடுப்பு மூட்ட என்று பழைய பேப்பரை எல்லாம் நான் அதில்தான் போட்டு வைப்பேன். போய்ப் பார்த்தேன். மேலாக ஒரு கட்டு பேப்பர் நல்ல காய்ந்து, நூல் சுற்றி, அடக்கமாக இருந்தது. யாரோ புண்ணியவாட்டி நமக்கு வேண்டி கட்டி வைத்திருக்கிறாள், சமையல்காரியாகத்தான் இருக்கும் என்று நினைத்தேன். கடவத்தோடு தூக்கிக்கொண்டு வந்து, கட்டைப் பிரிக்காமல் அப்படியே சருகுக்கு அடியில் செருகித் தீ வைத்தேன். நன்றாகப் பிடித்தது. மேலே பச்சை இலையைப் போட்டேன். புகை கொம்புக்குள் ஏறியது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது என்று சொல்ல இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

வாரியலை மரத்தில் சாய்த்து வைத்துவிட்டு அடி பம்பில் கை கழுவப் போனேன். திரும்பி வரும்போது அந்தச் சின்னப் பெண் பையைத் தோளில் போட்டபடி மரத்துக்கு முன்னால் நிற்கிறாள். புகையைப் பார்க்கிறாள். கவிழ்ந்து கிடக்கிற கடவத்தைப் பார்க்கிறாள். என்னைப் பார்க்கிறாள்.

"என்ன மக்களே, சாயா குடிச்சியா?"

தலையை ஆட்டிவிட்டு வகுப்புக்குள் போய்விட்டாள். அதுதான் அவள் என்னிடம் பேசாத முதல் காலை. நாளைக்கு மைக்கில் பேச வேண்டும் அல்லவா, பயமும் வெப்ராளமும் பிடித்திருக்கும் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

மணி பத்து இருக்கும். நான் ஒன்றாம் வகுப்பில் ஒரு பையனின் சட்டையில் சாயா கொட்டியதைத் துடைத்துக்கொண்டிருந்தேன். நாலாம் வகுப்பில் டீச்சருடைய கூப்பாடு கேட்டது.

"நேத்து சாய்ங்காலம் உன் கையிலதானே தந்தேன்? பேப்பருக்கு இடையில எல்லா இலையையும் வச்சு, நூல் கெட்டி, பத்திரமா வைன்னு சொன்னேன்லா? எங்க?"

பேப்பர். நூல். எனக்கு அந்த ரெண்டு சொல்தான் கேட்டது. சட்டையைத் துடைத்த துணியைக் கையில் பிடித்தபடியே மாமரத்தடிக்கு ஓடினேன். இந்த வயதில் நான் ஓடி யாரும் கண்டிருக்க மாட்டார்கள்.

மண்ணைத் தள்ளிவிட்டுச் சாம்பலைக் கிளறினேன். கட்டின் அடிப்பக்கம் முழுவதும் வேகாமல், கரிந்து, அடுக்கடுக்காக இருந்தது. ஒரு தாளை விரலால் தூக்கினேன். அடியில் ஒரு அரசிலை. முழுசாக இருந்தது. காம்பு, நடு நரம்பு, கிளை நரம்பு, நுனியில் உள்ள வால் வரைக்கும் எல்லாம் இருந்தது. ஆனால் எல்லாமே சாம்பல். வெள்ளையாக, ஒரு நூலும் அறாமல். மூச்சு விடப் பயமாக இருந்தது. விட்டேன். இல்லாமல் போய்விட்டது.

மூன்று வாரம் நாற்றத்தைச் சகித்து, முப்பது பிள்ளைகள் பல் தேய்க்கிற பிரஷ்ஷால் தேய்த்து எடுத்த இலை. நாளைக்குக் கண்காட்சி. நான் அப்படியே சாம்பலுக்குப் பக்கத்தில் குந்தி இருந்துவிட்டேன்.

எழும்பிப் போய்ச் சொல்லியிருக்க வேண்டும். போனேன். நாலாம் வகுப்பு வாசல் வரைக்கும் போனேன். அங்கே பெரிய டீச்சரும் வந்து விசாரித்துக்கொண்டிருந்தார். அந்தச் சின்னப் பெண் நடுவில் நின்றாள்.

"எங்க வச்ச? உள்ளதச் சொல்லு."

"மேசை மேலதான் வச்சேன் டீச்சர்."

"மேசை மேல இருந்தா எங்க போவும்? கால் முளைச்சுப் போச்சா?"

"காத்து கொண்டு போயிருக்கும்."

"பூட்டின கிளாசுக்குள்ள காத்தா? பொய்யப் பாரு! எங்கயோ போட்டுத் தொலைச்சிட்டு பொய்யும் சொல்லுகியா?"

பிள்ளைகள் எல்லாரும் அவளைத்தான் பார்த்தார்கள். ஒரு பெண் தன் இலை போன சங்கடத்தில் அழுதாள். இன்னொருவன், "இவ கையில குடுத்தா விளங்குமா டீச்சர்?" என்றான். பெரிய டீச்சர் முடிவாகச் சொன்னார், "நாளைக்கு மைக்குல இவ பேச வேண்டாம். வேற பிள்ளையப் படிக்கச் சொல்லுங்க."

அவள் முகம் மாறியது. ஆனாலும் என் பக்கம் திரும்பவில்லை.

எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. 'இன்னொருக்க கண்டேன், நீங்க வீட்டுல இருந்துக்கிடுங்க' என்ற பேச்சு நெஞ்சில் நின்று இடித்தது. கட்டியவரும் போன பிறகு வீட்டில் எனக்கு யார் இருக்கிறார்கள்? நான்கு சுவரும் ஒரு ரேடியோவும். பிறகு சொல்லலாம், ஆள் குறைந்த பிறகு டீச்சரிடம் தனியாகச் சொல்லலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு வெள்ளக் குடத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டேன். மத்தியானம் வந்தது. சொல்லவில்லை. மணி மூன்று அடித்தது. சொல்லவில்லை.

இதற்கிடையில் டீச்சர் மனசு தளரவில்லை. பிள்ளைகளை விட்டுப் புது இலை பொறுக்கச் சொன்னார். பலா, பூவரசு, செம்பருத்தி என்று கிடைத்ததை எல்லாம் கொண்டு வந்தார்கள். இலையின் முதுகில் சாயம் தடவி, வெள்ளைத் தாளில் வைத்து அழுத்தினால் இலை அப்படியே பதிகிறது. அதற்குக் கீழே மூன்று வரி எழுதச் சொன்னார். சாயம் எல்லாருக்கும் பகிர்ந்து கொடுத்தபோது அந்தச் சின்னப் பெண்ணின் பெஞ்சில் இருந்தவர்கள் அவளுக்கு மட்டும் கொடுக்கவில்லை. அவள் கேட்கவும் இல்லை. எழும்பி வெளியே போனாள். சமையல்காரியிடம் போய், "அக்கா, கொஞ்சம் கஞ்சித்தண்ணி தாங்க" என்று வாங்கிக்கொண்டு போனதை நான் கண்டேன். பசிக்கிறது போல என்றுதான் நினைத்தேன்.

வெள்ளிக்கிழமை காலை அவள் என்னிடம் வரவில்லை. நேரே வகுப்பு வாசலில் போய் இருந்துகொண்டாள். நான் ஹாலைத் தூத்தேன். சுவரில் கயிறு கட்டி எல்லாத் தாளையும் தொங்கவிட்டிருந்தார்கள். சிவப்பு இலை, பச்சை இலை, நீல இலை. நடுவில் ஒரு தாளில் மட்டும் சாம்பல் நிறத்தில் ஒரு அரசிலை. அதில்தான் எல்லா நரம்பும் தெரிந்தது. சாயம் தடவினதில் அப்படித் தெரியவில்லை. பக்கத்தில் போனேன். கஞ்சித்தண்ணியில் சாம்பலைக் குழைத்துப் பதித்திருக்கிறாள். கீழே உருண்டை எழுத்தில் மூன்று வரி. நான் எழுத்துக் கூட்டி வாசித்தேன்.

மாமரத்தின் கீழே புகை.
சாய்ந்து நிற்கிறது வாரியல்.
கடவத்தில் ஒன்றும் இல்லை.

முதல் தடவை வாசித்தபோது ஒன்றும் தோன்றவில்லை. ரெண்டாம் தடவை 'வாரியல்' என்ற இடத்தில் என் கையில் இருந்த வாரியலைப் பார்த்தேன். சுவரைப் பிடித்துக்கொண்டேன். இவளுக்குத் தெரியும். நேற்று அந்தப் புகையின் முன்னால் நின்றபோதே தெரியும். கட்டைக் கடவத்தில் வைத்தவளே அவள்தான். தெரிந்துகொண்டுதான் காற்று கொண்டு போயிருக்கும் என்று அத்தனை பேர் நடுவில் நின்று பொய் சொன்னாள். கண்டதை மட்டும் எழுதியிருக்கிறாள். மனசில் இருப்பதை ஒரு வரி சொல்லவில்லை.

வெளியே போய் அவள் பக்கத்தில் நின்றேன்.

"மக்களே, பேப்பர் கட்ட கடவத்துலயா வச்ச?"

"கிளாசுல ஓடு ஒழுகிச்சு. மேசையில வெள்ளம். ஒங்க கடவத்துல நனையாதுன்னு வச்சேன்."

"அத நீ அவியகிட்ட சொல்லியிருக்கலாம்லா?"

"சொன்னா கடவத்தத் தேடுவாவ. பொறவு சாம்பலப் பாப்பாவ. தீ போட்டா ஒங்கள வீட்டுல இருக்கச் சொல்லுவேன்னு பெரிய டீச்சர் சொல்லிச்சில்லா?" என்றாள். பிறகு எங்கேயோ பார்த்துக்கொண்டு, "காலத்த அம்ம விட்டுட்டுப் போனா நான் ஆருகூட இருக்கது?"

வாரியலை எடுத்துக்கொண்டு ஹாலுக்குத் திரும்பினேன்.

பதினோரு மணிக்கு ஹால் நிறைந்துவிட்டது. கல்வி அதிகாரி முன் வரிசையில் இருந்தார். நான் சாயாத் தட்டைப் பிடித்துக்கொண்டு ஓரமாக நின்றேன். அந்தச் சின்னப் பெண்ணின் அம்மா அண்டியாபீசில் அரை நாள் லீவு சொல்லிவிட்டு வந்திருந்தாள். விரல்களில் முந்திரி எண்ணெய்க் கறை. ரெண்டு கையாலும் போனைப் பிடித்திருந்தாள். போனில் அப்பா. தலையில் மஞ்சள் தொப்பி, பின்னால் ஏதோ இரும்புச் சாரம். மகளை மைக்கில் பேசவிடவில்லை என்று அம்மாவுக்கே அப்போதுதான் தெரிந்தது. "ஏட்டி, என்னட்டி செய்த?" என்று மகளைப் பிடித்து உலுக்கினாள். மகள் தரையைப் பார்த்தாள். போனுக்குள்ளிருந்து, "என்னாச்சு? மக்கா எங்க? எனக்கு இன்னும் எட்டு நிமிசம்தான் இருக்கு" என்று சத்தம் வந்தது.

மைக்கில் வேறொரு பிள்ளை வந்து நின்றாள். அதற்கு முன்னால் அதிகாரி எழும்பித் தாள்களைப் பார்த்துக்கொண்டே வந்தார். சாம்பல் இலைக்கு முன்னால் நின்றார். உரக்க வாசித்தார்.

"நல்லா இருக்கே! இதாருக்க எழுத்து? சாம்பல்லயா பதிச்சிருக்கு?"

டீச்சர் அந்தச் சின்னப் பெண்ணைக் காட்டினார். பெரிய டீச்சர் மெல்ல, "கையும் வாலும் கொஞ்சம் கூடுதல் உள்ள பிள்ளை சார். நேத்து இவ செய்த வேலையில எல்லா இலையும்..." என்று தொடங்கினார்.

அப்போது ஒரு சத்தம் கேட்டது. தட்டில் டம்ளர்கள் ஒன்றோடொன்று இடித்துக் கிலுகிலுவென்று ஒலிக்கிற சத்தம். எங்கிருந்து வருகிறது என்று நானும் பார்த்தேன். என் கைதான் நடுங்கியிருக்கிறது. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். இனி எங்கே ஓட?

"மாமரத்து மூட்டுக்கு நான் புகை போட்டேன்" என்றேன். என் குரல் எனக்கே யாரோ பேசுவது போல இருந்தது. "கடவத்துல பேப்பர் கட்டு கெடந்திச்சு. நான்தான் தீ வச்சேன்."

ரெண்டாம் வகுப்புப் பிள்ளைகள் இருந்த பக்கத்திலிருந்து ஒரு சின்னக் குரல் கிளம்பியது.

"மூணு வரி! ஆயாம்மா ஹைக்கூ சொல்லிச்சு!"

யாரோ சிரித்தார்கள். பிறகு எல்லாரும் சிரித்தார்கள். அதிகாரியும் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பெரிய டீச்சருக்கும் வரவில்லை. என் பக்கத்தில் வந்து, மற்றவர்களுக்குக் கேட்காதபடி கேட்டார்.

"நேத்து அந்தப் பிள்ளைய நிறுத்தி ஏசும்போ நீங்க வாசல்லதானே நின்னிய?"

"ஆமா."

"கேட்டுக்கிட்டா நின்னிய?"

"ஆமா."

அவர் கண்ணில் கோபம் இருந்திருந்தால் எனக்குத் தாங்கியிருக்கும். இருந்தது கோபம் இல்லை. இத்தனை வருடமும் பார்த்தறியாத ஒருத்தியைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தார். பிறகு திரும்பிப் போய் அந்தச் சின்னப் பெண்ணின் தலையில் கை வைத்து, "போ மக்களே, மைக்கப் பிடி. நீயே படி" என்றார்.

அவள் மைக்குக்கு முன்னால் போய் நின்றாள். போனைப் பார்த்தாள். அம்மா கையை நீட்டிப் போனைத் தூக்கிக் காட்டினாள். அவள் ஒவ்வொரு தாளாக வாசித்தாள். எங்கேயும் தடுமாறவில்லை. தன்னுடையதை மட்டும் வாசிக்காமல் தாண்டி அடுத்ததுக்குப் போய்விட்டாள். டீச்சர், "உன்னோடதையும் படி" என்றார். கேட்காத மாதிரி முடித்துவிட்டு இறங்கினாள். போனுக்குள் அப்பா மஞ்சள் தொப்பியைக் கழற்றிவிட்டுக் கை தட்டிக்கொண்டிருந்தார். படம் நடு நடுவே அசையாமல் நின்று நின்று போனதால், அவர் கைகள் சேராமல் அந்தரத்திலேயே கொஞ்ச நேரம் நின்றன. அவர் எவ்வளவு கேட்டார், எவ்வளவு கேட்கவில்லை என்று தெரியாது.

நான் அடுக்களைக்குப் பின்னால் போய் டம்ளர் கழுவிக்கொண்டிருந்தேன். அவள் வந்தாள். கட்டிப் பிடிப்பாள் என்று நான் நினைத்தேன். உள்ளதைச் சொல்லுகிறேன், அப்படித்தான் நினைத்தேன்.

"நீங்க எதுக்குச் சொன்னிய?" என்றாள். கண் சிவந்திருந்தது.

"உன்ன ஏசினாவல்லா மக்களே. அப்பா வேற பாத்துக்கிட்டு..."

"அப்பாக்கு அடுத்த வருசம் காட்டியிருப்பேன்! நான் ஆருகிட்டயும் சொல்லல்லியே! ஏசினப்போ கூடச் சொல்லல்லியே! நீங்க இப்ப எல்லார்கிட்டயும் சொல்லிட்டிய. இனி ஒங்கள வரவிட மாட்டாவ!"

என்னை இடித்துக்கொண்டு ஓடிப்போனாள். கையில் இருந்த டம்ளர் நழுவித் தொட்டிக்குள் விழுந்தது. ஒன்பது வயசுப் பிள்ளை. மைக்கையும் அப்பாவையும் தூக்கி ஒரு பக்கம் வைத்துவிட்டு, என்னை இன்னொரு பக்கம் வைத்து எடை போட்டிருக்கிறாள். வியாழக்கிழமை வாசலில் நின்றபோது நானும் அதே எடையைத்தான் போட்டேன். நான் யாரை எடுத்தேன் என்பது எனக்குத் தெரியும்.

திங்கட்கிழமை சாவியைத் திருப்பிக் கொடுக்கத்தான் போனேன். பெரிய டீச்சர் அன்றைக்கு முன்னாலேயே வந்து மேசையில் ஏதோ எழுதிக்கொண்டிருந்தார். சாவியை மேசை மேல் வைத்தேன். அவர் நிமிரவில்லை. பேனாவாலேயே சாவியை என் பக்கம் தள்ளினார்.

"தீப்பெட்டி இனி சமையல்காரி கையிலதான் இருக்கும். நீங்க கேக்கப்பிடாது. போய் முற்றத்தத் தூருங்க, பிள்ளைய வந்திரும்."

தூத்தேன். அந்தச் சின்னப் பெண் ஏழு மணிக்கே வந்து வகுப்பு வாசலில் இருந்தாள். பேசவில்லை. செவ்வாயும் பேசவில்லை. புதனும் இல்லை. அவள் பேச்சு இல்லாமல் தூத்தபோது வாரியல் மண்ணில் உரசுகிற சத்தம் எவ்வளவு பெரிய சத்தம் என்று முதல் தடவையாகக் கேட்டேன்.

வியாழக்கிழமை அடுக்களைக்குப் பின்னால் போனபோது மறுபடியும் அந்த நாற்றம் வந்தது. டீச்சர் மறுபடி போட்ட அரசிலை பானை நிறைய ஊறிக்கொண்டிருந்தது. பக்கத்தில் என் கடவம் நிமிர்த்தி வைத்திருந்தது. அதன் காதில் ஒரு அட்டையைக் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். உருண்டை எழுத்து. குந்தி இருந்து எழுத்துக் கூட்டி வாசித்தேன்.

'ஆயாம்மா, தீ வைக்கும் முன்னே பிரித்துப் பார்க்கவும்.'

பின்னால் காலடிச் சத்தம் கேட்டது. திரும்பவில்லை.

"வாசிச்சியளா?" என்றாள்.

"வாசிச்சேன்" என்றேன்.

"ஒரு வரிதான். பாட்டு ஒண்ணும் இல்ல," என்று சொல்லிவிட்டுப் பானைக்குள் எட்டிப் பார்த்தாள். "எம்மா, என்ன நாத்தம்!"